சண்முகத்துக்கு ஏ-வா, யு-வா?

2024 ஏப்ரல் கடைசியில் பெரியப்பா விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் பாஸ்புக், பான் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் கட்டுக்கட்டாக இருந்தன. எல்லாவற்றையும் என் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, "ஏல, பதின்மூவாயிரத்து அறுநூறு ரூவாயப் பிடிச்சிட்டாவ. நான் என்ன பெரிய முதலாளியா?" என்றார்.

நான் பாளையில் ஒரு சின்ன வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். பதினைந்து வருஷமாக இதுதான் தொழில். ஊரில் யாருக்கோ பான் அட்டையில் பெயர் தப்பாக இருந்தால் உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுக்கிறேன். ஆனால் சொந்தப் பெரியப்பாவின் அட்டையை ஒருநாளும் வாங்கிப் பார்த்ததில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. இதை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

அவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்போது கிடைத்த பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டிருந்தார். அந்த நிதியாண்டில் வந்த வட்டி 68,000 ரூபாய். மூத்த குடிமக்களுக்கு அப்போது 50,000 ரூபாய்க்கு மேல் வட்டி போனால்தான் வங்கி வரி பிடிக்கும், அதுவும் 10 சதவீதம். மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்றால் 15ஹெச் படிவம் கொடுத்து அதையும் தவிர்க்க முடிந்தது. பெரியப்பா வருஷா வருஷம் கொடுத்துவந்தவர்தான். இந்த முறை படிவம் எடுபடவில்லை. 10-க்குப் பதில் 20 சதவீதம் பிடித்துவிட்டார்கள். அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது. அடுத்து பானின் நிலையைப் பார்த்தேன். செயலிழந்தது.

ஆதாரோடு இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்துவிட்டன. எண் அழிந்துபோகாது. ஆனால் பான் இல்லாதவருக்கு என்ன விகிதமோ அதே விகிதத்தில் வரி பிடிப்பார்கள், 15ஹெச் செல்லாது, ரீஃபண்டும் வராது. 80 வயது ஆனவர்களுக்கு இணைப்பிலிருந்து விலக்கு உண்டு. பெரியப்பாவுக்கு எழுபதுதான் முடிந்திருந்தது.

"ஏன் பெரியப்பா இணைக்கல?" என்று கேட்டேன். "இணைக்கப் போனேம்லா. பேரு ஒத்துவரலன்னு சொன்னான். அப்புறம் பாத்துக்கலாம்னு வந்துட்டேன்" என்றார்.

இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் பெயரை இங்கே சண்முகம் என்றும், அவருடைய அப்பா பெயரைச் சுடலைமுத்து என்றும் வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர்கள். ஆதாரில் 'சண்முகம் சுடலைமுத்து'. பானில் 'சுடலைமுத்து சண்முகம்'. ஆங்கிலத்தில் ஆதார்க்காரர் எஸ், ஹெச், ஏ என்று ஆரம்பித்திருக்கிறார். பான் விண்ணப்பம் எழுதியவர் எஸ், ஹெச், யு என்று ஆரம்பித்திருக்கிறார். பழைய நெல்லைப் பழக்கம் அந்த யு. கல்யாணப் பத்திரிகைகளிலும் கடைப் பலகைகளிலும் இன்னும் பார்க்கலாம். வங்கியில் 'எஸ்' போட்டு ஒரு புள்ளி, அப்புறம் ஏ போட்ட சண்முகம். வாக்காளர் அட்டையில் சண்முகம் மட்டும். ஒரே மனுஷருக்கு நாலு பெயர்கள். எல்லாமே அவர்தான் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். கணினிக்கு மட்டும் தெரியாது.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சரிபார்ப்பு என்றால் 'இவர் யார்' என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசிக்கிறார் என்று நினைக்கிறோம். அப்படி யாரும் இல்லை. நாம் கொடுத்த எழுத்துவரிசை ஒன்று, அவர்கள் பதிவில் இருக்கும் எழுத்துவரிசை ஒன்று. இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்க்கிறது இயந்திரம். முன்பெல்லாம் பான் எண்ணைப் போட்டால் பெயர் என்ன என்று சில இடங்களில் திரையில் காட்டிவிடும். இப்போது பெரும்பாலும் எண், பெயர், பிறந்த தேதி மூன்றையும் நாமே கொடுக்கவேண்டும். பொருந்துகிறது, பொருந்தவில்லை என்ற பதில்தான் திரும்பி வரும். எங்கே பொருந்தவில்லை என்று சொல்லாது. அதனால் பதிவில் என்ன இருக்கிறது என்பதை முன்னாலேயே நாம் தெரிந்து வைத்திருக்கவேண்டும். நம் பெயர் என்ன என்பது அந்தப் பெட்டியில் முக்கியமே இல்லை. அங்கே நம் பெயரை எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

அட்டையைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். முழுசாகத் தெரியாது. பான் விண்ணப்பத்தில் பெயருக்கு இரண்டு இடம் உண்டு. கடைசிப் பெயர், முதல் பெயர், நடுப் பெயர் என்று பிரித்து எழுதுவது ஒன்று. அட்டையில் எப்படி அச்சாகவேண்டும் என்று எழுதுவது இன்னொன்று. இரண்டாவதில் சுருக்கி எழுத அனுமதி இருந்தது. ஆகவே அட்டையில் ஒரு மாதிரியும் பதிவில் வேறு மாதிரியும் இருக்கும் ஆட்கள் நிறையப் பேர் உண்டு. வருமான வரித் தளத்தில் உள்ளே நுழைந்தால் 'சுயவிவரம்' பகுதியில் பதிவிலுள்ள பெயர் அப்படியே தெரியும். நான் இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் அதைத் திறந்து, தெரியும் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்துவிடுவேன். மிச்ச இடங்களில் எல்லாம் அதைப் பார்த்து எழுதச் சொல்வேன்.

கடைசிப் பெயர் என்ற அந்தக் கட்டம் நமக்குப் பொருந்தாத கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், நம் பெயர் பின்னால். அவ்வளவுதான். ஆனால் கட்டம் இருக்கிறது, அது கட்டாயமும்கூட. ஒற்றை எழுத்தைப் போட முடியாது, விரித்து எழுதச் சொல்கிறார்கள். ஆகவே விண்ணப்பம் எழுதிக்கொடுத்தவர் அன்றைக்கு எப்படி நினைத்தாரோ அப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒருவருக்கு அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிட்டது, இன்னொருவருக்குச் சொந்தப் பெயர். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு மாதிரி, தம்பிக்கு ஒரு மாதிரி. ஒரே சொல்லில் பெயர் உள்ளவர் அதைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மற்ற இரண்டையும் காலியாக விடவேண்டும் என்பது விண்ணப்பக் குறிப்பிலேயே இருந்தது. பலர் முதல் பெயரில் எழுதிவிட்டு, கடைசிப் பெயரில் என்ன போடுவது என்று தெரியாமல் புள்ளி, கோடு, ஊர்ப்பெயர் என்று எதையாவது போட்டிருக்கிறார்கள்.

எந்தப் பெயர் அந்தக் கட்டத்தில் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பான் எண்ணிலேயே எழுதியிருக்கிறது அது. எண்ணில் மொத்தம் பத்து இடங்கள். முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நாலும் இலக்கம், கடைசி ஒன்று எழுத்து. நாலாவது எழுத்து நீங்கள் யார் என்று சொல்லும். தனிநபர் என்றால் பி, கம்பெனி என்றால் சி, கூட்டு நிறுவனம் என்றால் எஃப், டிரஸ்ட் என்றால் டி, இந்துக் கூட்டுக் குடும்பம் என்றால் ஹெச். ஐந்தாவது எழுத்து, தனிநபராக இருந்தால், கடைசிப் பெயரின் முதலெழுத்து. களக்காட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். பேச்சிமுத்து போன்ற ஒரு பெயர், அப்பா பெயர் வேறு. எண்ணின் ஐந்தாவது எழுத்து எம். அவன் பெயரும் எம்-மில் தொடங்கவில்லை, அப்பா பெயரும் எம்-மில் தொடங்கவில்லை. கொஞ்சம் யோசித்தபிறகு புரிந்தது. விண்ணப்பத்தில் பேச்சியையும் முத்துவையும் இடைவெளி விட்டு இரண்டு சொல்லாக எழுதியிருக்கிறார்கள். முத்து கடைசிப் பெயராகிவிட்டது, பேச்சி முதல் பெயராகிவிட்டது. கல்லூரிச் சான்றிதழில் சேர்த்து ஒரே சொல். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சேர்த்தே எழுதிக் கொடுத்திருக்கிறான். அது ஒவ்வொரு முறையும் திரும்பி வந்திருக்கிறது. ஒரு இடைவெளிக்காக அவனுக்கு இரண்டு மாதச் சம்பளம் தள்ளிப்போனது. அவன் அம்மா போனில் அழுதது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஒன்று ஞாபகம் வைக்கவேண்டும். பின்னால் பெயரைத் திருத்தினாலும் எண் மாறாது. அதனால் ஐந்தாவது எழுத்து இன்றைய பெயரோடு ஒத்துவரவில்லை என்றால் பயப்படவேண்டாம், எண் கொடுத்த அன்றைக்கு என்ன பெயரோ அதைத்தான் அது சொல்லும்.

இந்த இட வரிசை தெரிந்தால் இன்னொரு பெரிய தொல்லையும் தீரும். ஓ என்ற எழுத்தா, சைபரா? ஐ எழுத்தா, ஒன்றா? எஸ்-ஸா, ஐந்தா? பி-யா, எட்டா? ஜெராக்ஸில் ஜெராக்ஸ் எடுத்துத் தேய்ந்துபோன தாளில் இவை எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். முதல் ஐந்து இடத்தில் சைபர் வரவே வராது, அங்கே வட்டமாக எது இருந்தாலும் அது ஓ. ஆறு முதல் ஒன்பது வரை உள்ள இடங்களில் ஓ வரவே வராது, அது சைபர். கடைசி இடம் எழுத்து. இதை ஒருமுறை மனசில் வாங்கிக்கொண்டால் போதும். வாட்ஸ்அப்பில் வந்த எண்ணைத் தொட்டு எடுத்து ஒட்டும்போது பின்னால் ஒரு காலி இடமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, சில தளங்கள் அதையும் ஒரு எழுத்தாக எண்ணி 'தவறான எண்' என்று சொல்லிவிடும். ஆதாரை அட்டையில் நாலு நாலாகப் பிரித்து அச்சடித்திருப்பார்கள். கேட்கும் இடத்தில் பன்னிரண்டையும் சேர்த்தே அடிக்கவேண்டும். ஆதார் எண் சைபரிலோ ஒன்றிலோ தொடங்காது. அப்படி எழுதிக்கொடுத்தால் அது ஆதாரே இல்லை.

இதைச் சொல்லும்போது முக்கூடலிலிருந்து வந்த ஆச்சி ஞாபகம் வருகிறார். இருபது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றியவர். விரல் நுனி எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும், கைரேகை வைத்தால் பாதி நேரம் எடுக்காது. பி.எஃப். பணம் எடுக்க அலைந்துகொண்டிருந்தார். யாரோ எழுதிக்கொடுத்த படிவத்தில் ஆதார் எண் கேட்ட இடத்தில் பி.எஃப். உறுப்பினருக்கான யுஏஎன் எண்ணும், யுஏஎன் கேட்ட இடத்தில் ஆதாரும் இருந்தன. இரண்டுக்கும் பன்னிரண்டு இலக்கம் என்பதால் கட்டம் இரண்டையும் வாங்கிக்கொண்டுவிட்டது. எங்கே தவறு என்று தெரியாமலே மூன்று முறை திரும்பி வந்திருக்கிறது.

அதைச் சரிபண்ணினால் அப்புறம் பெயர். இசக்கி என்ற பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள்? எங்கள் ஊரில் ஈ எழுத்தில் தொடங்கி எழுதுவோர் பாதி, ஐ எழுத்தில் தொடங்குவோர் பாதி. எஸ் ஒன்றா இரண்டா, கே ஒன்றா இரண்டா என்பது வேறு. ஆச்சியின் பெயர் பி.எஃப். கணக்கில் ஈ-யில் தொடங்கும் இசக்கி. ஆதாரில் ஐ-யில் தொடங்கும் இசக்கியம்மாள். 'அம்மாள்' என்று எழுதிக்கொடுத்தது மரியாதைக்கு. பெரிய வயசுப் பெண்ணைப் பெயர் சொல்லி எழுதுவதற்கு மனசு வராமல் அன்றைக்கு ஒருத்தர் சேர்த்திருப்பார். பிறந்த தேதி ஒன்றில் ஒரு வருஷம், இன்னொன்றில் மூன்று வருஷம் தள்ளி. ஆடி மாசம் கோயில் கொடை முடிந்த மறுவாரம் பிறந்தவர் என்று வீட்டில் தெரியும், அந்த விவரத்தைக் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி மூலம்தான் பி.எஃப். பதிவைத் திருத்த முடிந்தது. எழுதிக்கொடுத்துக் கையெழுத்து வாங்கி, பணம் கையில் வர ஏழு மாதமானது. அன்றைக்கு ஆச்சி கொண்டுவந்து கொடுத்த முறுக்கு டப்பாவை என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

மேலப்பாளையத்தில் இன்னொரு மாதிரி. முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி உண்டோ அத்தனையும் ஒரே குடும்பத்து அட்டைகளில் பார்த்திருக்கிறேன். எம்.டி. என்று சுருக்கி எழுதியதும் உண்டு. பானில் முழுசாக, பாஸ்போர்ட்டில் சுருக்கமாக, ஆதாரில் ஓ எழுத்துக்குப் பதில் யு. பேருக்கு முன்னால் ஹாஜி, பின்னால் பட்டம். அது போலவே பாளையில் ஞானராஜ் மாதிரிப் பெயர்கள். தமிழில் முதலெழுத்து 'ஞா'. ஆங்கிலத்தில் அது ஜி ஆகிறது, என் ஆகிறது, ஒரு இடத்தில் ஜே ஆனதையும் பார்த்தேன். திரு, திருமதி, டாக்டர், ஹாஜி, படிப்பு இவை எதையும் பெயர்க் கட்டத்தில் எழுதக்கூடாது. அவற்றைப் பெயருக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போனால் பெயரே மாறிப்போகும். திருநெல்வேலி என்ற ஊர்ப்பெயரையே வெள்ளைக்காரன் டின்னவேலி என்று எழுதி வைத்திருந்தான். ஊருக்கே அந்தக் கதி என்றால், இசக்கிக்கு வருவது ஆச்சரியமில்லை.

கடைக்காரர்கள் வேறு இடத்தில் மாட்டுவார்கள். பத்தமடைப் பாய் வாங்கி விற்கும் அண்ணாச்சி ஒருவர் வடக்கே ஒரு பெரிய கம்பெனிக்குச் சரக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார். அவர்கள் தளத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். பெயர் என்ற இடத்தில் கடைப் பெயரைப் போட்டார், பான் இடத்தில் தன் பானைப் போட்டார். பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப அதே பெயர், அதே எண். கடைசியில் என்னிடம் வந்தார். எண்ணைப் பார்த்தேன், நாலாவது எழுத்து பி. "அண்ணாச்சி, இந்த எண் உங்க கடைக்கு இல்ல, உங்களுக்குத்தான்" என்றேன். தனி ஆள் நடத்தும் கடைக்குத் தனிப் பான் கிடையாது. நடத்துகிறவரின் பான்தான் கடைக்கும். ஆகவே சட்டப்படியான பெயர் கேட்கும் இடத்தில் அவர் பெயர், பானில் இருக்கிற மாதிரி. வணிகப் பெயர் கேட்கும் இடத்தில்தான் பலகையில் இருக்கும் பெயர். அண்ணன் தம்பி சேர்ந்து பத்திரம் போட்டு நடத்தும் கூட்டுக் கடைக்கு அதற்கென்று தனி எண் இருக்கும், நாலாவது எழுத்து எஃப் ஆக இருக்கும். அங்கே பெயரும் கடைப் பெயர்தான், பத்திரத்தில் உள்ளபடி.

ஜிஎஸ்டி எண்ணுக்கும் இதே கணக்குத்தான். பதினைந்து இடம். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே பான். பதின்மூன்றாவது அந்தப் பானில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. பதினாலாவது பெரும்பாலும் இஸட். கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு. அண்ணாச்சியின் ரசீதுப் புத்தகத்தில் அச்சகத்தார் நடுப் பத்தில் ஒரு எழுத்தை மாற்றி அடித்திருந்தார்கள். ஒரு வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. பானை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும்.

என் அக்கா மகன் அமெரிக்காவுக்குப் போனபோது இதே பிரச்சினை கடல் தாண்டி வந்தது. அவன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, பெயர் முழுதும் ஒரே கட்டத்தில். விசாவில் அவன் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது, முதல் பெயர் இருந்த இடத்தில் எஃப், என், யு என்று மூன்றெழுத்து. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே சமூகப் பாதுகாப்பு எண் ஒன்பது இலக்கம். வரிக்குக் கொடுக்கும் படிவத்தில் அந்த எண்ணும் அது யார் பெயரில் கொடுக்கப்பட்டதோ அந்தப் பெயரும் சேர்ந்தே ஒத்துப்போகவேண்டும். ஊர் மாறினாலும் விதி அதேதான். அவன் அடுத்த முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்துப் போட்டுக்கொண்டான்.

சரி, பெரியப்பாவிடம் வருவோம்.

எதைத் திருத்துவது என்பதுதான் முதல் கேள்வி. பலர் அவசரத்தில் ஆதாரை மாற்றப் போய்விடுகிறார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறை. வங்கி, ரேஷன், கேஸ், பென்ஷன் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. பானை மாற்றினால் அவ்வளவு இடத்தில் ஆடாது. ஆகவே ஆதாரில் பெயர் சரியாக இருந்தால் அதைத் தொடாமல் பானை அதற்கு ஏற்ப மாற்றச் சொல்வேன். ஆதாரிலேயே பிழை இருந்தால் மட்டும் முதலில் அங்கே போகவேண்டும், அது முடிந்து கையில் வந்தபிறகுதான் பான். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றக் கொடுத்தவர்கள் இரண்டிலும் சிக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பாவுக்கு யு போவதில்தான் வருத்தம். "எங்கய்யா அந்த யு போட்டுத்தான்ல எழுதுவாவ" என்று கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. அப்பா எழுதிய எழுத்து, எழுபது வருஷம் கூட வந்த எழுத்து. பிறகு அவரே, "சரி, ஏ-ன்னே போடு" என்றார்.

பான் திருத்த விண்ணப்பத்தில் எதைத் திருத்தவேண்டுமோ அதன் இடது பக்கக் கட்டத்தில் டிக் போடவேண்டும். டிக் இல்லாவிட்டால் பெயரை எவ்வளவு அழகாக எழுதினாலும் மாறாது. கடைசிப் பெயரில் சுடலைமுத்து, முதல் பெயரில் சண்முகம், ஆதாரில் இருக்கிற எழுத்துகளோடு. அச்சாகும் பெயரையும் சுருக்காமல் அப்படியே எழுதினேன். 107 ரூபாய் கட்டணம். பதினைந்து நாளில் அட்டை வந்தது. அப்புறம் இணைப்புக்கான 1,000 ரூபாய். வருமான வரித் தளத்தில் கட்டும்போது 'இதர வரவுகள்' என்ற தலைப்பில், 500 என்ற எண்ணில் கட்டவேண்டும். வேறு தலைப்பில் கட்டினால் பணம் போகும், இணைப்பு நடக்காது. கட்டியபின் இணைப்புப் பக்கத்தில் ஆதாரில் உள்ளபடி பெயர் கேட்டது. பெரியப்பாவின் ஆதாரில் பிறந்த வருஷம் மட்டும்தான், தேதி இல்லை. அதற்கென்று ஒரு டிக் கட்டம் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது, கண்ணில் படாமல் போகும் இடத்தில். அதைத் தொட்டேன். பெரியப்பாவின் போனுக்கு ஓடிபி வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாக வாசித்தார். பொருந்திவிட்டது.

பான் மறுபடி செயல்பட 30 நாள் வரை ஆகும். ஜூலையில் சரியானது. மாதக் கடைசிக்குள் கணக்குத் தாக்கல் செய்தோம். பிடித்த 13,600-ம் ரீஃபண்ட். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ரீஃபண்ட் போகும் வங்கிக் கணக்கைத் தளம் சரிபார்க்கும், அங்கேயும் பெயர் பானோடு ஒத்துவரவேண்டும். வங்கியில் எஸ் போட்டுப் புள்ளி வைத்த அந்தப் பழைய பெயர். தோல்வி என்று வந்தது. வங்கிக்குப் போய் பானையும் ஆதாரையும் கொடுத்துப் பெயரை விரித்து மாற்றி, தளத்தில் மறுபடி சரிபார்த்து, ரீஃபண்டை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டோம். அக்டோபரில் பணம் வந்தது. செயலிழந்திருந்த காலத்துக்கு வட்டி கிடையாது. வங்கிப் பெயரையும் முதல் நாளே சேர்த்து மாற்றியிருக்கவேண்டும். அந்த இரண்டு மாதம் என் கவனக்குறைவால் போனது. இப்போது யார் வந்தாலும் மூன்று பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறேன். ஆதார், பான், வங்கி. எழுத்துக்கு நேரே எழுத்து வரும்படி, கட்டம் போட்ட கணக்கு நோட்டில். எந்தக் கட்டத்தில் எழுத்து மாறுகிறதோ அங்கே சிவப்பு மை.

பெரியப்பா அந்த நோட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வீட்டில் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார். அடுத்த தடவை வந்தபோது பையில் பெரியம்மாவின் அட்டைகள் இருந்தன. பெரியம்மாவின் பானில் அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பெரியப்பாவின் பெயர். கல்யாணமான பெண்ணானாலும் அங்கே அப்பா பெயர்தான் வரவேண்டும், கணவர் பெயர் கூடாது. அன்றைக்கு எழுதிக்கொடுத்தவர் கேட்டிருக்க மாட்டார். ஆதாரில் முகவரிக்கு மேலே கணவர் பெயர் இருக்கிறது, அது முகவரியோடு சேர்ந்தது, பெயர் பொருத்தத்தில் வராது என்று விளக்கினேன். "அப்போ இவ அய்யா பேரு எப்படி எழுதுவாவ, கே-யா, ஜி-யா?" என்று பெரியப்பா கேட்டார். கந்தையாவுக்கு கே, கணபதிக்கு ஜி என்றெல்லாம் பேசி, பெரியம்மாவின் அண்ணனுக்குப் போன் போட்டோம். அவர் பழைய பத்திரத்தைத் தேடி எடுத்துப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வரும் திங்கள்கிழமை விண்ணப்பம் போடவேண்டும்.